எம்.யு.சி. எழுதிய காதல் கடிதங்கள்

கம்ப்யூட்டர் காதல் கடிதம் எழுதுவது சாட்ஜிபிடி வந்தபிறகு நடக்கிற கூத்து என்றுதான் பலரும் நினைக்கிறோம். 1952-லேயே ஒன்று எழுதியிருக்கிறது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஃபெரான்டி மார்க் 1 இயந்திரம். நிரல் எழுதியவர் கிறிஸ்டோபர் ஸ்ட்ரேச்சி. கடிதத்தின் அடியில் கையெழுத்து ‘எம்.யு.சி.’, அதாவது மான்செஸ்டர் யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர்.

செய்முறை ரொம்ப எளிது. முதலில் ஒரு கொஞ்சல் விளிப்பு, பிறகு ஐந்து வாக்கியங்கள். அவற்றுக்கு இரண்டே அச்சுகள்: ‘என் இன்னது உன் இன்னதை இன்னபடி விரும்புகிறது’, ‘நீ என் இன்னது’. எந்த ‘இன்னது’க்கு எந்தச் சொல் என்பதை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, ரேண்டம் எண் முடிவு செய்யும். இயந்திரத்தில் அந்த வசதி இருக்க வேண்டும் என்றவர் ஆலன் டூரிங். இவ்வளவு எளிய தந்திரம் இத்தனை விதமான கடிதங்களைத் தருகிறதே என்பதைத்தான் ஸ்ட்ரேச்சியும் 1954-இல் ‘என்கவுன்டர்’ இதழில் சுட்டிக்காட்டினார்.

கடிதங்களை விட்டுவிட்டு அவற்றைத் தயாரிக்கும் முறையைப் பாருங்கள் என்கிறார் ஆய்வாளர் நோவா வார்ட்ரிப்-ஃப்ரூயின். மனுஷங்க காதல் கடிதம் எழுதுகிற விதத்தையே அது பகடி செய்கிறது என்பது அவர் வாதம். சரிதான். ஆனா பாதிதான் சரி.

மனுஷன் எழுதிய படுமோசமான காதல் கடிதத்தில்கூட ‘நேத்து பஸ் ஸ்டாண்டில் நீ திரும்பியே பார்க்கலையே’ என்று ஒரு வரி வந்துவிடும். அந்த ஒரு வரி போதும், கடிதத்தை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. ஸ்ட்ரேச்சியின் அச்சில் பெயருக்கு இடமில்லை, நாளுக்கு இடமில்லை, ஊருக்கும் இடமில்லை. ஆசை உண்டு, ஏக்கம் உண்டு. நடந்தது என்று எதுவுமே கிடையாது. கடிதமாகப் பார்த்தால் இது தோல்வி.

ஆனால் அது எந்த வருஷம் என்று யோசியுங்கள். 1952 மார்ச்சில்தான் இன்னொரு ஆணுடன் உறவு வைத்திருந்ததற்காக டூரிங்குக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. ஸ்ட்ரேச்சியும் தன்பாலீர்ப்பாளர். பெயர், நாள், இடம் என்று எழுதிவைத்தால் அதுவே சாட்சியாகிவிடக்கூடிய காலம். ஆணா பெண்ணா என்றுகூடக் காட்டாத இந்தக் கடிதம் யாரையும் மாட்டிவிடாது. ஸ்ட்ரேச்சி அதை நினைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல வரவில்லை. அந்த வெற்றிடத்தை வெறும் பகடி என்று தாண்டிப்போக முடியவில்லை, அவ்வளவுதான்.

இன்று ஏஐ எழுதித் தரும் காதல் கடிதம் எவ்வளவோ சரளமாக இருக்கிறது. அதையும் ஒரே கேள்வியோடு படித்துப் பாருங்க: இதை அப்படியே இன்னொருத்தருக்கு அனுப்ப முடியுமா?