செக்யூர் பூட்: கையெழுத்து போடுவது சுலபம், ரத்து செய்வதுதான் கஷ்டம்

பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் திரை வரும் வரைக்கும் உள்ள சில நொடிகள்தான் ஒரு கணினியின் மிகப் பலவீனமான நேரம். ஆன்டிவைரஸ் எழுந்திருப்பதற்கு முன்பே ஒரு நிரல் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டால், அப்புறம் ஆன்டிவைரஸ் பார்ப்பதெல்லாம் அந்த நிரல் காட்டுவதை மட்டும்தான். இது புதுப் பிரச்சினையும் இல்லை. 1986-ல் லாகூரிலிருந்து கிளம்பிய பிரெய்ன் வைரஸே ஃபிளாப்பியின் பூட் செக்டாரில்தான் குடியேறியது.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் செக்யூர் பூட். 2012-ல் விண்டோஸ் 8 லோகோ ஒட்டவேண்டுமென்றால் இது கட்டாயம் என்று மைக்ரோசாஃப்ட் சொன்ன பிறகு எல்லா மடிக்கணினிகளிலும் வந்துவிட்டது. அப்போது பலரும் பயந்தது, "இனி லினக்ஸ் போடவே விடமாட்டார்களோ" என்றுதான். அதாவது பூட்டு ரொம்ப இறுக்கமாக இருக்கும் என்கிற பயம். பத்துப் பன்னிரண்டு வருஷம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், சிக்கல் நேர் எதிர்ப் பக்கத்தில் இருந்திருக்கிறது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். மதர்போர்டில் உள்ள ஃபர்ம்வேர் நாலு விஷயங்களை வைத்திருக்கிறது. பிகே என்பது தலைமைச் சாவி, தயாரிப்பாளர் கையில் இருப்பது. அதற்குக் கீழே கேஇகே. பட்டியல்களை மாற்றும் உரிமை இந்தச் சாவிக்கு உண்டு. டிபி என்பது யாருடைய கையெழுத்தை ஏற்கலாம் என்ற பட்டியல். டிபிஎக்ஸ் என்பது எதையெல்லாம் ஏற்கக்கூடாது என்ற பட்டியல். பூட் ஆக வரும் நிரலின் கையெழுத்து டிபியில் பொருந்தவேண்டும், டிபிஎக்ஸில் இருக்கக்கூடாது. அவ்வளவுதான். கணிதத்தில் ஓட்டை எதுவும் இல்லை. ஆர்எஸ்ஏ கையெழுத்தை யாரும் உடைக்கவில்லை.

என் விமர்சனம் டிபிஎக்ஸ் மேல்தான்.

பவர் பத்திரத்தோடு ஒப்பிட்டால் இது எளிதாகப் புரியும். ஒருத்தருக்குப் பவர் எழுதிக் கொடுக்க ஒரு நாள் போதும். ரத்து செய்வதும் ஒரு நாள் வேலைதான். ஆனால் ரத்தான சேதி நிலம் வாங்க வருகிறவருக்குத் தெரியாவிட்டால், பழைய பத்திரத்தைக் காட்டியே கிரயம் முடித்துவிடலாம். செக்யூர் பூட்டில் நடப்பது இதுதான். கோடிக்கணக்கான இயந்திரங்களுக்கு "இந்தப் பத்திரம் செல்லாது" என்று சொல்லி அனுப்ப உருப்படியான வழி இல்லை.

2020 ஜூலையில் வெளியான பூட்ஹோல் ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். லினக்ஸ் பயன்படுத்தும் கிரப் பூட்லோடர், தன் கான்ஃபிக் கோப்பைப் படிக்கிற இடத்தில் பஃபர் ஓவர்ஃப்ளோ. கிரப்பில் கையெழுத்து இருக்கிறது, கான்ஃபிக் கோப்பில் இல்லை. சரி, பழைய கிரப்பை எல்லாம் தடை செய்துவிடலாமே? செய்தார்கள். மூன்று சான்றிதழ்கள், சுமார் 150 ஹாஷ்கள் டிபிஎக்ஸில் சேர்ந்தன. அதற்கே சுமார் 10 கிலோபைட் போய்விட்டது. பெரும்பாலான போர்டுகளில் டிபிஎக்ஸுக்கு உள்ள மொத்த இடமே 32 கிலோபைட்தான்! ஒரே ஒரு ஓட்டைக்கு மூன்றில் ஒரு பங்கு காலி.

அடுத்தது பிளாக்லோட்டஸ். 2022-ல் கள்ளச் சந்தையில் 5,000 டாலருக்கு விற்கப்பட்டது. 2023 மார்ச்சில் ஈசெட் நிறுவனம் பிரித்துப் போட்டுக் காட்டியது. முழுக்க அப்டேட் செய்த விண்டோஸ் 11-லும், செக்யூர் பூட் ஆன் செய்திருந்தும், இது வேலை செய்தது. அது பயன்படுத்திய ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2022 ஜனவரியிலேயே அடைத்திருந்தது. பிறகு எப்படி? தாக்குபவர் பழைய விண்டோஸ் பூட்லோடரைத் தன் கையோடு கொண்டுவந்துவிடுகிறார். அதில் இருப்பது அசல் மைக்ரோசாஃப்ட் கையெழுத்து, டிபிஎக்ஸிலும் அது இல்லை. ஃபர்ம்வேர் வழிவிட்டுவிடுகிறது. (இதற்கு முதலில் அட்மின் உரிமை கையில் இருக்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அட்மின் உரிமை கிடைத்தவன் பூட் வரைக்கும் போய் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடாது என்பதும் இந்தப் பூட்டின் வேலைதானே?)

ஏன் ரத்து செய்யவில்லை? செய்தால் பழைய இன்ஸ்டால் டிவிடி, ரெக்கவரி யூஎஸ்பி, பேக்கப் எல்லாமே பூட் ஆகாமல் போகும். அதனால்தான் 2023 மே மாதம் திருத்தம் வந்தபோதுகூட, ரத்துப் பகுதியை அணைத்து வைத்தே அனுப்பினார்கள். வேண்டுமென்றால் நீங்களே கட்டளை கொடுத்து இயக்கிக்கொள்ளலாம்.

இடப் பற்றாக்குறைக்கு மாற்றாக எஸ்பிஏடி என்று ஒரு முறை வந்தது. ஒவ்வொரு ஹாஷாகத் தடை செய்யாமல், "இந்தத் தலைமுறை எண்ணுக்குக் கீழே உள்ள கிரப் எதுவும் செல்லாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். நல்ல யோசனை, எனக்குப் பிடித்த யோசனையும்கூட. ஆனால் 2024 ஆகஸ்டில் விண்டோஸ் அப்டேட் வழியாக அது வந்தபோது, விண்டோஸும் லினக்ஸும் சேர்த்து வைத்திருந்த பலருடைய கணினிகளில் லினக்ஸ் எழும்பவில்லை. அப்படிப்பட்ட கணினிகளைத் தொடாது என்றுதான் அறிவித்திருந்தார்கள்! பாதிக்கப்பட்டவர்களுக்கு இணையத்தில் கிடைத்த முதல் வைத்தியம் என்ன தெரியுமா? "செக்யூர் பூட்டை ஆஃப் பண்ணுங்க." பாதுகாப்பைக் கூட்ட வந்த அப்டேட், பாதுகாப்பையே கழற்றி வைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனது.

இதெல்லாம் கீழ்மட்டச் சாவிகளின் கதை. தலைமைச் சாவியே போனால்? 2024 ஜூலையில் பைனார்லி நிறுவனம் வெளியிட்ட பிகேஃபெயில் அறிக்கை அதைத்தான் சொன்னது. ஏஎம்ஐ நிறுவனம் பரிசோதனைக்காக மட்டும் கொடுத்த ஒரு பிகே, "நம்பாதே" என்று ஆங்கிலத்தில் பெயரிலேயே எழுதியிருந்தும், நூற்றுக்கணக்கான மாடல்களில் அப்படியே விற்பனைக்கு வந்திருந்தது. அதில் ஒரு சாவியின் ரகசியப் பகுதி கிட்ஹப்பில் கசிந்தது. அதைக் காத்த பாஸ்வேர்டு நாலே எழுத்து. பிகே கையில் இருந்தால் டிபியையும் டிபிஎக்ஸையும் இஷ்டத்துக்கு மாற்றி எழுதலாம்.

அப்படியானால் செக்யூர் பூட் வேஸ்ட்டா? இல்லை. கையெழுத்தே இல்லாத சாதாரண பூட்கிட்களை இது நிறுத்திவிடுகிறது. பிளாக்லோட்டஸ் அத்தனை பாடுபட்டதே அதனால்தான். ஆன் செய்தே வையுங்கள். ஆனால் "எனேபிள்டு" என்று திரையில் காட்டுவதை வைத்து நிம்மதியாகிவிடவேண்டாம். கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. என் பயாஸ் கடைசியாக எப்போது அப்டேட் ஆனது? என் டிபிஎக்ஸ் எந்தத் தேதியில் நிற்கிறது? என் பிகே யாருடையது? லினக்ஸில் பிகேயையும் டிபிஎக்ஸையும் பார்க்க ஈஎஃப்ஐ-ரீட்வார் கட்டளை போதும். டிபிஎக்ஸ் அப்டேட்டை எஃப்டபிள்யூயூபிடி கொண்டுவந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. 2011-ல் வழங்கிய மைக்ரோசாஃப்ட் சான்றிதழ்கள் 2026 ஜூனில் தொடங்கிக் காலாவதியாகின்றன. கணினி அன்றைக்கே நின்றுவிடாது. ஆனால் 2023 சான்றிதழ் ஏறாத இயந்திரத்துக்குப் புதிய பூட் திருத்தங்களும் புதிய ரத்துப் பட்டியலும் வந்து சேராது. தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய போர்டு என்றால், அதன் டிபிஎக்ஸ் இருக்கிற இடத்திலேயே நின்றுவிடும். திரையில் மட்டும் "எனேபிள்டு" என்றே காட்டிக்கொண்டிருக்கும்.