இத்தாலிய மானுடவாதமும் எல்லைப்புறத் தமிழாய்வும்: வீரமாமுனிவரை முன்வைத்து

முன்னுரை

கி.பி. 14 முதல் 16ஆம் நூற்றாண்டு வரை இத்தாலியில் செழித்த மானுடவாதச் சிந்தனை, தமிழில் பெரும்பாலும் ‘மனிதநேயம்’ என்னும் சொல்லால் சுட்டப்பெறுகிறது. இப்பெயர்ப்பு அச்சிந்தனையின் ஒரு பக்கத்தை மட்டுமே காட்டும். மனிதனைப் போற்றுவதோடு அமையாது, மனிதன் ஆக்கிய மொழியையும் நூலையும் பிழையறக் கற்பதையே அது தன் நடுவண் செயலாகக் கொண்டிருந்தது.

இவ்வேறுபாடு இன்று முதன்மை பெறுகிறது. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூரிலும் இடுக்கி மாவட்டத்து மூணாற்றிலும் அரசுக் கல்லூரிகளில் தமிழ் கற்பிக்கப்படுகிறது. இத்தகைய துறைகளின் தேவை வினவப்படும்பொழுது இரண்டு விடைகள் தரப்படுகின்றன. ஒன்று மொழிச் சிறுபான்மையினர் உரிமை, மற்றொன்று வேலைவாய்ப்பு. இரண்டும் வேண்டத்தக்கனவே. ஆயினும் துறையின் அறிவுப்பணி யாது என்பதை அவை உணர்த்துவதில்லை. அவ்விடையை இத்தாலிய மானுடவாதத்தின் ஆய்வுமுறையிலிருந்து பெறலாம் என்பதும், அதன் ஒரு கிளை வீரமாமுனிவர் வழியாக முன்னரே தமிழுக்கு வந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள்களாகும்.

மானுடப் படிப்புகளும் மூலபாட ஆய்வும்

மானுடவாதிகள் கற்பித்த ‘மானுடப் படிப்புகள்’ இலக்கணம், சொற்கலை, கவிதை, வரலாறு, அறநெறி என்னும் ஐந்தாகும். இவற்றுள் இலக்கணமே வாயிலாக அமைந்தது. பெத்ரார்க்கா 1345இல் வெரோனா நகரில் சிசெரோவின் மடல்களைக் கண்டெடுத்தமை, சுவடி தேடலை ஓர் அறிவுக்கடமையாக்கியது. லொரென்சோ வல்லா 1440இல் எழுதிய ஆய்வு, அம்முறையின் ஆற்றலை நிறுவியது. உரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன், மேற்குலக ஆட்சியைத் திருத்தந்தைக்கு வழங்கியதாகக் கூறும் ஆவணம் பொய்யானது என அவர் காட்டினார். அதற்கு அவர் கொண்ட சான்றுகளுள் தலையாயது சொல்வழக்கு. உரோம அவையினரோடு ‘சத்ரப்’ என்னும் பாரசீக ஆளுநர் பெயர் அவ்வாவணத்தில் இடம்பெற்றிருத்தல், அக்காலத்து உரோம வழக்கிற்கு ஒவ்வாது என்பது அவர் வாதம். அதிகாரத்தின் உரிமைக்கோரிக்கையை ஒரு சொல்லின் வரலாறு தகர்த்தது.

தமிழுலகில் இதற்கு இணையான பணி தனித்து வளர்ந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். எஸ். வையாபுரிப்பிள்ளை சொல்வரலாற்றைக் கொண்டு நூல்களின் காலத்தை வரையறுக்க முயன்றார். அவர் முடிபுகள் பல மறுக்கப்பட்டபோதும் அவர் எழுப்பிய வினாமுறை நிலைத்தது. 1950களின் தொடக்கத்தில் அவர் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையில் பணியாற்றியவர் என்பது கேரளத் தமிழாய்வின் மரபை நினைவூட்டும். இவ்விரு மரபுகளுக்கிடையே காணப்படுவது முறையின் ஒப்புமையே. ஒன்று மற்றொன்றைத் தோற்றுவித்தது எனக் கொள்ளுதல் பொருந்தாது.

வீரமாமுனிவரும் வழக்குமொழியும்

நேரடித் தொடர்பைக் காட்டுபவர் வீரமாமுனிவர் ஆவார். 1680இல் வட இத்தாலியின் காஸ்தில்யோனே என்னும் ஊரில் பிறந்த அவர், இயேசு சபையில் பயின்றவர். அச்சபைக் கல்லூரிகளுக்கென 1599இல் வகுக்கப்பட்ட பாடத்திட்டம் மானுடவாதிகளின் இலக்கண, சொற்கலைப் பயிற்சியை அடிப்படையாகக் கொண்டது. அவர் 1747இல் கேரளத்து அம்பழக்காட்டில் காலமானார் எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. இன்று திருச்சூர் மாவட்டத்திலுள்ள அவ்வூரில்தான், அவர் வருகைக்கு முன்பே, 1679இல் புரோயென்சா பாதிரியாரின் தமிழ்–போர்த்துகீசிய அகராதி அச்சேறியது.

வீரமாமுனிவர் 1728இல் இலத்தீனில் இயற்றிய கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சிடப்பெற்றது. அதன் தலைப்பு, கொடுந்தமிழை ‘வழக்குமொழி’ எனச் சுட்டுகிறது. அங்கு ஆளப்பட்ட ‘வல்காரிஸ்’ என்னும் இலத்தீன் அடைமொழியே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தாந்தே வழக்குமொழியின் சிறப்பைப் பற்றி எழுதிய நூலின் பெயரிலும் உள்ளது. இஃது இலத்தீனில் பொதுச்சொல்லே. இதனைக் கொண்டு தாந்தேயின் தாக்கத்தை நிறுவ இயலாது. எனினும் எவ்வழக்கு இலக்கியமொழியாதல் தகும் என்பது குறித்து இத்தாலியில் நெடுங்காலம் நிகழ்ந்த ‘மொழிச் சிக்கல்’ விவாதத்தின் பின்னணியில் இதனை நோக்குதல் பொருந்தும்.

தமிழ் மரபில் இச்சொல்லாட்சி ஒரு பொருள்மாற்றத்தை நிகழ்த்தியது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலங்களை எண்ணியபோது, அவற்றுள் குட்டம், குடம், பூழி ஆகிய மேற்கு நிலங்களும் இடம்பெற்றன. அங்கு வேறுபாடு நிலம் பற்றியது. வீரமாமுனிவரிடம் அது பயன்பாடு பற்றியதாகிறது: எவ்வூரிலும் நூல்மொழி செந்தமிழ், பேச்சுமொழி கொடுந்தமிழ். இதனால் நில எல்லையில் வைத்துக் காணப்பட்ட வேறுபாடு ஒவ்வொரு தமிழரின் நாவிலும் உள்ளதாயிற்று. பேச்சுக்கும் விதி உண்டு, அவ்விதி எழுதத்தக்கது என்பது இதன் உட்கிடை.

வீரமாமுனிவரின் நோக்கம் சமயம் பரப்புதலே என்பதையும், கொடுந்தமிழ் இலக்கணம் மறைப்பணியாளருக்காக எழுதப்பட்டது என்பதையும், காப்பியத்திற்கு அவர் செந்தமிழையே தேர்ந்தார் என்பதையும் மறைத்தல் ஆகாது. ஆயினும் நோக்கத்தின் குறுக்கம் முறையின் பயனைக் குறைப்பதில்லை. 1732இல் அவர் தொகுத்த சதுரகராதி, மனப்பாடத்திற்குரிய செய்யுள் நிகண்டுகளினின்றும் வேறுபட்டுச் சொல்லை அகரவரிசையில் நிறுத்திற்று.

எல்லைப்பகுதியில் முறையின் பயன்

1956 நவம்பர் 1இல் கேரளம் உருவாகும் முன் பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரிலும், சித்தூர் கொச்சியிலும், தேவிகுளம், பீர்மேடு திருவிதாங்கூரிலும் இருந்தன. எனவே இப்பகுதிகளின் தமிழ் ஒரே வரலாறு உடையதன்று. சித்தூர் வட்டத்தில் வடகரப்பதி, எருத்தேம்பதி என ஊர்ப்பெயர்கள் உள்ளன. ‘பதி’ சங்க இலக்கியத்தில் ஊரைக் குறிக்கும். கோவை மலையடிவாரத்தில் இருளர் குடியிருப்பும் ‘பதி’யே. ஊர்ப்பெயரில் உள்ளது எவ்வழக்கு என்பதை நில ஆவணங்களும் வாய்மொழியும் ஒருங்கே ஆராயப்பட்டாலன்றித் துணிதல் இயலாது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருப்பு ‘லயம்’ எனப்படும். இஃது ‘லைன்’ என்பதன் திரிபா, குதிரை கட்டும் ‘லாயம்’ என்னும் சொல்லின் சாயலும் பெற்றதா என்னும் வினா, சொல்லாய்வோடு நில்லாமல் தொழிலாளர் வாழ்நிலை வரலாற்றையும் தொடுகிறது.

இடுக்கி, தேனி எல்லையிலுள்ள மங்கலதேவி கோயில் பற்றிய விவாதம் மற்றொரு சான்று. சித்திரை முழுநிலவு நாளில் வழிபாடு நிகழும் அக்கோயிலைச் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் என்பர் ஒரு சாரார். கொடுங்கல்லூரைச் சுட்டுவர் பிறர். இவ்வினா மாநில எல்லை வழக்காகச் சுருங்கிவிடுகிறது. கல்வெட்டின் எழுத்தமைதி, கட்டடக் கூறு, காப்பியப் பாடவேறுபாடு, வாய்மொழி மரபு ஆகியவற்றைத் தனித்தனியே எடைபோடுதலே வல்லா காட்டிய வழி. முடிபு தமிழருக்கு உவப்பாக இராவிடினும் அதனை ஏற்கும் துணிவு அம்முறையின் பகுதியாகும்.

மானுடவாதத்தின் குறை

இத்தாலிய மானுடவாதம் குறையற்றதன்று. இலத்தீனில் தோய்ந்த அறிஞர் மக்களினின்றும் விலகிய தனிக்குழுவாயினர் என்பது அந்தோனியோ கிராம்சியின் குற்றச்சாட்டு. மூணாற்றிலும் சித்தூரிலும் செவ்வியல் நூல்களை மட்டும் கற்பித்து, மாணவர் வீட்டுத் தமிழைப் பிழையெனத் திருத்தும் வகுப்பறைக்கு இக்குற்றச்சாட்டு அப்படியே பொருந்தும். எட்வர்டு செய்த் 2004இல் வெளிவந்த தம் நூலில், மானுடவாதத்தைக் குடியாட்சிக்குரிய திறனாய்வாக மீட்டெடுக்கலாம் என்றும், அதற்குச் சொல்லை உற்றுக் கற்றலே தொடக்கம் என்றும் வாதிட்டார். கிராம்சியின் எச்சரிக்கையும் செய்தின் நம்பிக்கையும் ஒருங்கே கொள்ளத்தக்கன.

முடிவுரை

இத்தாலிய மானுடவாதம் மனிதவியல் புலங்களுக்கு இன்று தரும் கொடை, மனிதப்பெருமை பற்றிய முழக்கமன்று; சான்றைச் சோதிக்கும் ஒழுக்கம். வீரமாமுனிவர் பேச்சுத்தமிழுக்கு இலக்கணம் கண்டதன் வாயிலாக, அவ்வொழுக்கம் வழக்குமொழிக்கும் உரியது எனக் காட்டினார். எல்லைப்புறத் தமிழ்த்துறைகள் தம் வட்டாரச் சொல், ஊர்ப்பெயர், தோட்ட ஆவணம், வாய்மொழி மரபு ஆகியவற்றைத் தொகுத்துச் சோதிக்குமாயின், அத்துறைகள் செய்யும் பணியைப் பிற இடத்துத் துறைகள் செய்ய இயலாது. உரிமைக்கான வாதமும் அப்பணியால் வலுப்பெறும். அது செய்யப்படாவிடின், அச்சொற்களை வழங்கும் தலைமுறையோடு சான்றுகளும் மறையும். பின்னர் எஞ்சுவது உரிமைக்கோரிக்கை மட்டுமே.