ஒட்டாக்கு: அனிமேச் சுவைஞர்தம் சுவைநெறி

கலையின் வரலாற்றை எழுதுவோர் படைத்தாரையும் படைப்புகளையும் விரித்துரைப்பர்; சுவைத்தாரைப் பற்றிப் பெரும்பாலும் வாளா இருப்பர். சுவைப்போர் எண்ணற்றோர் என்பதும், தம் சுவைக்குச் சுவடு வைத்துச் செல்லாதோர் என்பதும் அதற்குக் காரணங்களாகலாம். ஜப்பானிய அனிமேக் கலை இதற்கு விலக்காக நிற்கின்றது. தொலைக்காட்சிக்கும் திரையரங்கிற்குமென வரையப்படும் இவ்வியங்கு படங்களைப் பற்றி அந்நாட்டில் எழுந்த திறனாய்வு நூல்களுள் சிறந்த சில, படங்களைக் காட்டிலும் அவற்றைக் காண்போரையே பொருளாகக் கொண்டன. அக்காண்போருள் ஆழ்ந்த ஈடுபாடு உடையாரை 'ஒட்டாக்கு' என்னும் சொல்லாற் சுட்டுவர். ஒட்டாக்கு ஆவார் யார்? மிகுதியாகக் காண்பவரா? மிகுதியாகத் திரட்டி வைப்பவரா? அன்றி, வேறொரு முறையிற் காண்பவரா? இவ்வினாவே ஈண்டு ஆராய்தற்கு உரியது.

சொல்லினின்று தொடங்குவோம். ஒட்டாக்கு என்பதன் பகுதி வீடு என்னும் பொருளது; அதன் முன்னொட்டு மதிப்பை உணர்த்துவது. எனவே 'தங்கள் இல்லம்' என்பது சொற்பொருள். இல்லத்தின் பெயர் அங்கு உறைவார்க்கு ஆகிப் பின்னர்த் 'தாங்கள்' என்னும் முன்னிலைப் பெயராயிற்று. நம் இலக்கண மரபிற் கூறின் இஃது இடவாகுபெயர். திருமடத்துத் தலைவரைச் 'சந்நிதானம்' என விளிக்கும் வழக்கை அறிந்த நமக்கு இவ்வாக்கம் புதுமையாகத் தோன்றாது. இல்லத்தையும் உள்ளத்தையும் ஒருங்கே குறிக்கும் 'அகம்' என்ற நம் சொல்லும் நினைவிற்கு வரும். ஆயினும் அவ்வொப்புமையை நீட்டலாகாது. ஒட்டாக்கு என்னும் விளியில் இல்லம் பிறருடையது. விளிப்பவர் அதன் வாயிலுக்குப் புறத்தே நிற்கின்றார்.

அனிமே விழாக்களிலும் அறிவியற் புனைகதை மாநாடுகளிலும் முதன்முறையாகச் சந்தித்த இளைஞர் ஒருவரையொருவர் இவ்வாறு விளித்தனர். ஒரே தொடரைக் கண்டவர் என்பதொழிய அவர்களிடையே வேறு தொடர்பு இல்லை. ஊரும் பள்ளியும் குடும்பமும் அறியாதவரிடம் நண்பரை அழைக்கும் முன்னிலைப் பெயர் பொருந்தாது. முழு அயன்மை காட்டும் பெயரும் பொருந்தாது. 1982-இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய 'மாக்ரோஸ்' தொடரின் மாந்தரும் இவ்விளியை ஆளக் காணலாம். 1983-இல் நக்காமொரி அக்கியோ என்பார் 'மாங்கா புரிக்கோ' என்னும் இதழில் எழுதிய தொடர்கட்டுரையில் இவ்விளியை எடுத்து அம்மக்களுக்கே இடுபெயராக்கினார். அவர்தம் உடையையும் தோற்றத்தையும் பழகும் முறையையும் எள்ளுதலே அக்கட்டுரையின் நோக்கம். அவ்விதழின் ஆசிரியராயிருந்த ஓட்சுக்கா எய்ஜி அவ்வெள்ளலை உடன்படவில்லை. உடையைப் பற்றி நமக்குக் கவலை இல்லை. அவ்விளி காட்டும் நிலையே கருதத்தக்கது. பேசப்படும் பொருள் இருவர்க்கும் மிக நெருங்கியது. பேசும் இருவரோ ஒருவருக்கொருவர் தொலைவினர். ஆளை அறிந்து அதன்பின் அவர் சுவையை அறிதல் உலகியல்பு. இவர்களிடையே சுவையே முன்னர் அறியப்படுகின்றது. ஆள் பின்னரே அறியப்படுவார், அல்லது அறியப்படாமலே போவார்.

இத்தகைய சுவைஞர் தோன்றுதற்கு அக்கலையின் இயல்பே இடந்தந்தது என்பது எம் கருத்து. 1963 சனவரி முதல் நாளன்று தெசுக்கா ஒசாமுவின் 'இரும்புக்கை அத்தோமு' தொலைக்காட்சியில் வரத் தொடங்கிற்று. கிழமைதோறும் அரைமணி நேரப் படம் வரைந்து தருதல் எளிய செயலன்று. திரைப்படம் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுவது. ஓவியம் ஒன்றை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினால் நொடிக்கு எட்டு ஓவியங்கள் போதும். முகம் அசையாதிருக்க வாய் மட்டும் அசையலாம். முன்னர் வரைந்த காட்சியை மீண்டும் பயன்படுத்தலாம். வறுமையாற் பிறந்த இவ்வுத்திகளைக் குறையென்று தள்ளினாரும் உளர். ஆயின், அசைவு குறைந்தவிடத்துக் காண்பவன் கண் வேலை செய்யத் தொடங்குகின்றது. எல்லாம் அசையும் படத்தில் எவ்வசைவும் தனியே தோன்றாது. பெரும்பாலும் நின்றிருக்கும் படத்தில் அசைவு தோன்றும் இடம் பளிச்செனப் புலப்படும். 'இவ்விடத்தை மட்டும் இத்துணை ஓவியங்கள் கொண்டு இயக்கியவர் யார்?' என்ற வினா எழுவது அப்பொழுதுதான்.

இவ்வினா எழுதற்கு மற்றொரு கருவியும் துணைநின்றது. 1970-களின் நடுவில் வீட்டில் ஒளிப்பதிவு செய்யும் பொறிகள் விற்பனைக்கு வந்தன. அடுத்த பத்தாண்டில் பரவின. ஒருமுறை ஓடி மறைந்த படத்தை நிறுத்தவும் பின்செலுத்தவும் சட்டம் சட்டமாக நகர்த்தவும் இயன்றது. கானதா யோஷினோரி (1952 - 2009) வரைந்த காட்சிகளை, பெயர்ப்பட்டியலைக் காணுமுன்னரே, திரிந்த தோற்ற அளவுகளாலும் முரண்பட்ட உடல்நிலைகளாலும் ஒளிவீச்சுகளாலும் சுவைஞர் இனங்கண்டனர். மாக்ரோஸ் தொடரில் ஏவுகணைகள் வளைந்து வளைந்து துரத்தும் காட்சியை வரைந்த இதானோ இச்சிரோவின் பெயராலேயே அவ்வகைக் காட்சியை 'இதானோ சர்க்கஸ்' என வழங்கினர். இயக்குநர் பெயரை அறிதல் எங்கும் உள்ளது. கூலிக்கு வரையும் நூற்றுவருள் ஒருவரது கையை அறிதல் அரிது. பெயர் பொறியாத பாட்டின் நடைகொண்டு ஆசிரியனைத் துணியும் புலவர்க்கு இவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

மேலும், விளம்பரமும் பார்வையாளர் தொகையும் கைவிட்ட படைப்புகளை இச்சுவைஞரே நிலைநிறுத்தினர். 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாதோ' 1974 அக்டோபரில் தொடங்கியபோது, அதே நேரத்தில் வேறொரு நிலையத்தில் தக்காஹாத்தா இசாவோ இயக்கிய 'ஹைடி' ஓடிக்கொண்டிருந்தது. போட்டியில் யமாதோ தோற்றது. கருதியதினும் குறுக்கப்பட்டு 26 பகுதிகளோடு முடிந்தது. (ஹைடியும் பெருங்கலைஞர் படைப்பே, தோற்றது சிறந்தது என்றோ வென்றது தாழ்ந்தது என்றோ கொள்ளற்க.) மறு ஒளிபரப்புகளில் அதனைக் கண்டார் மன்றங்கள் அமைத்தனர், 1977-இல் அது திரைப்படமாக வந்தபோது விடியுமுன்னரே அரங்குகளின் முன் வரிசையில் நின்றனர். 'மொபைல் சூட் கன்டம்' (1979 - 80) தொடரும் அவ்வாறே 52 பகுதிகளினின்று 43 ஆகக் குறுக்கப்பட்டுப் பின்னர் வாழ்வு பெற்றது. கதையின் போர் ஏன் நிகழ்கின்றது, பகைவரிடத்தும் நியாயம் உண்டா என்று வினாவிய இளைஞரே அதனை வாழ்வித்தனர். பொம்மை விற்பதற்கென எடுத்த தொடரில் அவ்வினாவுக்கு விடை இருந்தது. விளம்பரம் கொடுத்தவர் அதனை எதிர்பார்த்திலர்.

ஒக்கடா தோஷியோ 1996-இல் வெளியிட்ட 'ஒட்டாக்குவியல் அறிமுகம்' இச்சுவைநெறிக்கு முதலில் இலக்கணம் வகுத்த நூலெனலாம். ஒட்டாக்குவிற்கு மூன்று கண்கள் வேண்டும் என்பர் அவர். தனக்கே உரிய நோக்கில் அழகைக் கண்டு நுகர்வது ஒரு கண். கம்மியன் போல ஆக்கமுறையை ஆராய்வது ஒரு கண். படைத்தோர்தம் சூழலையும் இடர்ப்பாட்டையும் படைப்பின் நுட்பங்களினூடே அறிவது ஒரு கண். சுவை, செய்முறை, வரலாறு என இவற்றை நாம் பெயரிடலாம். நம் உரையாசிரியர்களும் ஏறத்தாழ இம்மூன்றனையும் வேண்டினர் எனினும், அவர் முன் நின்றது ஏட்டில் நிலைத்த நூல். இவர் முன் நின்றதோ ஓடும் படம். ஒக்கடாவின் நூலில் தம் இனத்தாரை மேன்மக்களாகக் காட்டும் பெருமிதம் ஆங்காங்கே மிகுதியாகப் புலப்படுகின்றது. அதற்கு ஒரு காரணம் உண்டு.

1989-இல் தோக்கியோப் பகுதியில் சிறுமியரைக் கொன்ற ஒருவன் பிடிபட்டான். அவன் அறையில் அடுக்கியிருந்த ஆயிரக்கணக்கான ஒளிநாடாக்களைச் செய்தித் தாள்களும் தொலைக்காட்சியும் மீண்டும் மீண்டும் காட்டின. ஒட்டாக்கு என்னும் சொல் நாடறிந்தது அவ்வாண்டில்தான். அறியப்பட்டது குற்றவாளிக்கு அடைமொழியாக. திரட்டியவன் கொன்றான், ஆதலின் திரட்டுவோர் ஐயுறத்தக்கார் என்ற இப்போலி வாதம் பல்லாண்டு நின்றது. ஒரு தலைமுறை இளைஞர் தம் சுவையை மறைத்து வாழ நேர்ந்தது. ஒக்கடாவின் பெருமிதத்தை இப்பின்புலத்தில் வைத்தே மதிப்பிடல் வேண்டும். அஃது ஒரு வழக்குரை. வழக்குரைக்குரிய மிகையும் அதில் உண்டு.

இவ்வழக்கிற்குச் சான்று அவர் வாழ்விலேயே இருந்தது. 1981-இலும் 1983-இலும் ஒசாக்காவில் நடந்த அறிவியற் புனைகதை மாநாடுகளின் தொடக்கத்திற்காக மாணவர் சிலர் குறும்படங்களை வரைந்தனர். அன்னோ ஹிதெயாக்கி, யமாகா ஹிரோயுக்கி, அக்காய் தக்காமி ஆகியோர் அவருள் தலையாயவர். தாம் சட்டம் சட்டமாகக் கண்டு பயின்றவற்றையெல்லாம் அப்படங்களில் திரும்பக் கொட்டினர். 1984-இல் இக்குழுவினர் காய்னாக்ஸ் நிறுவனத்தைத் தொடங்க, ஒக்கடா அதன் தலைவரானார். (அந்நிறுவனம் 2024-இல் நொடித்துப் போயிற்று.) கம்மியனின் கண் கம்மியனையே ஆக்கும் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. எனினும், படைப்பாளி ஆதலே சுவைஞனின் நிறைவு என்று யாம் கொள்ளோம். அங்ஙனம் கொள்ளின், எதனையும் வரையாது காண்டலிலேயே வாழ்ந்தாரெல்லாம் முதிராக் காய்கள் ஆவர்.

இனி, எதிர்வழக்கைக் காண்போம். ஓட்சுக்கா எய்ஜி 1989-இல் எழுதிய 'கதைநுகர்வுக் கொள்கை' என்னும் நூலில் 'பிக்குரிமான்' என்ற சாக்லேட்டை எடுத்துக்காட்டுகின்றார். உள்ளே இருந்த ஒட்டுப்படங்களுக்காகச் சிறுவர் அதனை வாங்கினர், தின்பண்டத்தை எறிந்தனர். ஒவ்வொரு படத்தின் பின்னும் கதைத்துணுக்கு ஒன்று இருந்தது. பல துணுக்குகளைச் சேர்த்தால் பின்னின்ற பெருங்கதை புலப்படும். சிறுவர் வாங்கியது அப்பெருங்கதையையே என்பர் அவர். அசுமா ஹிரோக்கி 2001-இல் இதனை மறுத்து மேற்சென்றார். பிற்றைநாள் ஒட்டாக்குவிற்குப் பின்னின்ற கதையும் வேண்டா. பூனைக்காது, மணி, பணிப்பெண் உடை, கூந்தல் நிறம் என்னும் உறுப்புகளின் தொகுதியே போதும் என்றார். 1998-இல் ஒரு கடையின் அடையாளமாகப் படைக்கப்பட்ட 'தி கி சரத்' என்னும் உருவை அதற்குக் காட்டினார். கதையில்லாது பிறந்து, விரும்பப்பட்ட பின்னரே கதை பெற்ற உரு அது.

அசுமாவின் நோக்கு கூரியது. அவர் கண்ட நோய் மெய்யே. உவமையை மட்டும் தொகுத்துப் பாட்டை மறப்பாரை நாமும் அறிவோம். ஆயினும் உறுப்பை நோக்குவாரெல்லாம் முழுமையை இழந்தார் என அவர் கொள்வது பொருந்தாது. கானதாவின் கையை அறிந்தவன் கண்டதும் ஓர் உறுப்பே. ஆனால் அவ்வுறுப்பு அவனை ஒரு மனிதனிடம் கொண்டுசென்றது. பூனைக்காதைத் தொகுப்பவனை அவ்வுறுப்பு மற்றொரு பூனைக்காதினிடமே கொண்டுசெல்கின்றது. வேறுபாடு நோக்கும் பொருளின் அளவில் இல்லை. நோக்கு எங்கே சென்று சேர்கின்றது என்பதில் உள்ளது.

இன்னொரு குறையும் உண்டு. ஒக்கடா, அசுமா இருவர் நூல்களிலும் உலவும் ஒட்டாக்கு பெரும்பாலும் ஆடவனே. 1975 டிசம்பர் 21-ஆம் நாள் தோக்கியோவில் முதல் 'காமிக் மார்க்கெட்' கூடியபோது குழுக்கள் 32. வந்தோர் ஏறத்தாழ 700 பேர். அவருள் மிகப் பெரும்பாலார் மாங்கா படிக்கும் பள்ளிச் சிறுமியர். அவர்கள் தாமே எழுதியும் வரைந்தும் அச்சிட்டும் விற்றனர். பின்னாளில் இலட்சக்கணக்கானோர் கூடும் பெருஞ்சந்தையாக அது வளர்ந்த போதும், அங்கு 'வாடிக்கையாளர்' என எவரும் இலர், விற்போரும் வாங்குவோரும் தொண்டு புரிவோரும் 'பங்கேற்போர்' ஆவர் என்னும் கொள்கையை அமைப்பாளர் விடவில்லை. நுகர்வு என்ற ஒரு சொல்லால் ஒட்டாக்குவை அளக்க முயன்ற கொள்கைகள் இச்சிறுமியரிடம் வந்து இடறுகின்றன. அவர்களை முன்னிறுத்தித் தொடங்கியிருப்பின் இத்திறனாய்வு முழுவதும் வேறு வழியிற் சென்றிருக்கும்.

இழிசொல்லாய்ப் பிறந்தது இன்று விழையப்படும் பெயராகிவிட்டது. இனாதா தோயோஷி 2022-இல் வெளியிட்ட நூல், படங்களை விரைவோட்டத்திற் காணும் ஜப்பானியரைப் பற்றியது. ஒன்றில் ஆழ்ந்தவராக, ஒட்டாக்குவாக, அறியப்பட விரும்பும் இளையோர், அதற்கு வேண்டிய படங்களை விரைந்து கண்டு முடிக்க முற்படுவதை அவர் குறிக்கின்றார். படத்தை நிறுத்திக் கண்டு பெற்ற பெயரை ஓட்டிக் கண்டு பெற முயல்கின்றனர். இவர்களை எள்ளுதல் எளிது. நக்காமொரி செய்ததும் அதுவே. காணவேண்டிய படங்கள் பெருகியதும், காணாதவர்க்கு நண்பரிடையே இடமின்மையும் காரணங்கள் என அந்நூலே காட்டுகின்றது. எனினும் தொகையால் ஒட்டாக்கு ஆகலாம் என்ற எண்ணம் பிழையானது என்பதில் எமக்கு ஐயமில்லை.

சுவைஞனை நோக்கிப் படைப்பே பேசிய இடம் ஒன்று உண்டு. அன்னோ இயக்கிய 'எவாஞ்செலியோன்' தொடர் 1995 அக்டோபரில் தொடங்கி 1996 மார்ச்சில் முடிந்தது. இறுதி இரு பகுதிகளில் போர்க்கதை நின்றுபோக, மாந்தர்தம் உள்ளத்து உசாவலே நிகழ்ந்தது. சுவைஞர் பலர் சினந்தனர். 1997-இல் மற்றொரு முடிவைத் திரைப்படமாகத் தந்த அன்னோ, அதனிடையே வரைபடத்தை நிறுத்தித் திரையரங்கின் இருக்கைகளையும் அவற்றில் அமர்ந்த மக்களையும் நிழற்படமாகக் காட்டினார். காண வந்தவர் தம்மையே கண்டனர். ஒட்டாக்குவைக் கடிந்தார் எனப் பலரும் இதற்குப் பொருள் உரைப்பர். அவ்வுரை ஒருபுடையே பொருந்தும். அதே படத்தில், சுவைஞர் அவருக்கு எழுதிய வசைகளும் பாராட்டுகளும் கண்ணிமைக்கும் நேரம் தோன்றி மறைகின்றன. அரங்கில் இருந்தவர் எவரும் அவற்றைப் படித்திருக்க இயலாது. பின்னர் வீட்டிற்கு ஒளிநாடா வந்தபொழுது, பொறியை நிறுத்திச் சட்டம் சட்டமாக நகர்த்தியவர்க்கே அவ்வெழுத்துகள் புலப்பட்டன.