யார் பெயர் கப்பலேறும்?

மானம் கப்பலேறிப் போச்சு என்று ஊரில் சொல்வார்கள். சேரிக்காரர்களுக்குக் கப்பலேறுவதென்றால் அது ஒன்றுதான். நல்ல பெயர் கப்பலேறுவதற்கு வேறு தகுதி வேண்டியிருக்கிறது. அது என்ன தகுதி என்பதைத்தான் பார்க்கப் போகிறேன். கப்பல்களின் பெயர்களையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம்.

முதலில் எங்க அத்தை கதை. அவங்க ராணுவ மருத்துவமனையில் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவங்க. சில வருசத்துக்கு முன்னால் மயிலாப்பூரில் வாடகைக்கு வீடு தேடிப் போனோம். மிலிட்டரியில் ஆபீசர் என்றதும் உட்காரச் சொன்னார்கள், காபி வந்தது. நர்ஸ் என்றதும் வீட்டுக்காரம்மா முகம் சுருங்கியது. "சொந்த ஊர் எது? ஊர்ல எந்தப் பக்கம்?" என்று அடுத்த கேள்வி. அத்தை மறைக்காமல் சொன்னார். வீட்டை மகனுக்கு வைத்திருக்கிறோம் என்று பதில் வந்தது. தெருவுக்கு வந்ததும் அத்தை சொன்னது இது: "குண்டடி பட்டு வந்தவன் எவனும் என் கையைப் பார்த்து ஊர்ல எந்தப் பக்கம்னு கேட்டதில்ல பாப்பா."

தி.நகரிலும் அதே கதைதான். கடைசியில் அடையாறில் ஒரு கிறித்துவர் வீட்டு மாடி கிடைத்தது.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. 1908இல் அமெரிக்கக் கடற்படை முதன்முதலாக 20 நர்சுகளைச் சேர்த்தது. அவர்களுக்குத் தங்க இடம் தரவில்லை. அவர்களே வாஷிங்டனில் வாடகைக்கு வீடு பிடித்துக்கொண்டார்கள். அந்த 20 பேரில் ஒருவர் லீனா ஹிக்பீ. 1911 முதல் 1922 வரை நர்சுகள் படைக்குத் தலைமை வகித்தார். 1920இல் நேவி கிராஸ் விருது கிடைத்தது; உயிரோடிருக்கும்போதே அதைப் பெற்ற முதல் பெண் அவர். 1945 ஜனவரியில் ஒரு போர்க்கப்பல் அவர் பெயரோடு பணிக்கு வந்தது. கடற்படையில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கிய முதல் போர்க்கப்பல் அதுதான். 2023 மே மாதம் இரண்டாவது கப்பலும் அவர் பெயரில் வந்துவிட்டது.

வீடு கிடைக்காத நர்சுக்குக் கப்பலே கிடைத்தது என்று கைதட்டிவிட்டுப் போகலாம். ஆனால் நாம் தேதிகளைப் பார்க்கப் பழகியவர்கள். ஜனவரியில் கப்பல் பணிக்கு வந்தபோது அந்தக் கடற்படையில் ஒரு கறுப்பின நர்ஸ்கூட இல்லை. முதலாமவரான பிலிஸ் மே டெய்லி பதவிப் பிரமாணம் எடுத்தது மார்ச் 8ஆம் தேதி. பெண் என்பதற்காகத் திறந்த கதவு கறுப்புப் பெண்ணுக்கு அப்போதும் சாத்தியே இருந்தது.

இப்போது நம்ம கரைக்கு வருவோம். 2020இல் இந்தியக் கடலோரக் காவல்படையில் ஒரு ரோந்துக் கப்பல் சேர்ந்தது. பெயர் அன்னி பெசன்ட். அடையாறு பிரம்மஞான சபைக்கு 1907 முதல் 1933 வரை தலைவராக இருந்தவர். பெசன்ட் நகர் இருக்கிறது, பெசன்ட் அவென்யூ இருக்கிறது, கப்பலும் வந்தாயிற்று. அதே சபையின் ஆல்காட்தான் 1894இல் பஞ்சமர் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். அந்தம்மா 1909இல் 'இந்தியன் ரெவ்யூ' இதழில் எழுதியதோ வேறு. தாழ்த்தப்பட்ட பிள்ளைகளின் உடம்பு பரம்பரையான உணவாலும் குடியாலும் நாற்றமெடுத்தது, அவர்களைச் சுத்தமான பிள்ளைகளோடு சேர்த்து உட்காரவைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அண்ணல் அம்பேத்கர் 1945இல் வெளியிட்ட நூலில் இதை எடுத்துக்காட்டி அம்பலப்படுத்தினார். அந்தப் பெயர்தான் இப்போது கடலில் மிதக்கிறது.

காவல்படையின் இரண்டு வரிசைக் கப்பல்களில் பத்துப் பெண்கள் பெயர் இருக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டும்: நாகா பழங்குடிப் போராளி கைடின்லியு இருக்கிறார், கோண்டு அரசி துர்காவதி இருக்கிறார். ஆனால் அவர்களும் 'ராணி' என்ற பட்டத்தோடுதான் ஏறியிருக்கிறார்கள். மீதிப்பேரில் பெரும்பாலும் ராணிகள், பெரிய தலைவர்கள். பத்தில் ஒரு நர்ஸ் இல்லை.

ஏன் இல்லை? நர்ஸ் என்பவள் ரத்தத்தையும் மலத்தையும் சீழையும் தொடுகிறவள். சென்னைப் பொது மருத்துவமனையில் 1871லேயே பயிற்சி தொடங்கியும், தீட்டென்று மேல்சாதிப் பெண்கள் நெடுங்காலம் அந்தப் பக்கம் வரவில்லை. ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்துவப் பெண்களும் வந்தார்கள். அவர்களில் சேரியிலிருந்து மதம் மாறிய குடும்பத்துப் பெண்கள் எத்தனையோ பேர். ராணுவத்துக்கு 1888இல் பத்து பிரிட்டிஷ் நர்சுகள் பம்பாயில் வந்திறங்கினார்கள். 1943இல்தான் ராணுவ நர்சுகள் அதிகாரிகளாக ஏற்கப்பட்டார்கள். 1976இல் ஜி. அலி ராம் மேஜர் ஜெனரல் ஆனார். இந்தியப் படையில் அந்த இடத்துக்கு வந்த முதல் பெண் டாக்டர் அல்ல, நர்ஸ். இந்தப் பெயரை எத்தனை பாடப்புத்தகத்தில் பார்த்திருக்கிறீர்கள்?

பெயரில் என்ன இருக்கு, நிலமும் கூலியும்தானே பிரச்சினை என்று சில தோழர்கள் கேட்பார்கள். 1997ஐ நினைத்துப் பாருங்கள். வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் வந்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் கிளம்பினார்கள். பஸ் எரிந்தது, உயிர் போனது. அரசு என்ன செய்தது? எதிர்த்தவர்களிடம் கேள்வி கேட்கவில்லை. எல்லாத் தலைவர்கள் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. ஒரு தலித் பெயர் ஓடக்கூடாது என்பதற்காக எல்லாப் பெயரும் போனது. பெயரில் ஒன்றுமில்லை என்றால் அத்தனை பஸ் ஏன் எரிந்தது?

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். "கப்பலெல்லாம் எதுக்கு பாப்பா, வாசல்ல என் பேரை எழுதி மாட்ட ஒரு வீடு குடுத்தாப் போதாதா" என்றார். எனக்கு இரண்டும் வேண்டும். அடுத்த கப்பலுக்கு அலி ராம் பெயரைக் கேட்போம். கேட்கிறபோதே 1997இல் பஸ்ஸிலிருந்து அழித்த பெயரையும் சேர்த்துக் கேட்போம்.