மேசைக்குப் பின்னால் நின்று பார்த்தால்: கொழும்பும் நந்தம்பாக்கமும்

காமிக் கானில் நல்ல வேடங்களைப் பார்க்க வேண்டுமென்றால் மேடைக்கு முன்னால் நாற்காலி பிடிப்பதைவிட ஒரு ஸ்டால் போட்டு நிற்பது மேல். மேடையில் ஒரு வேடம் இரண்டு நிமிடம் தெரிந்தால் அதிகம். விளக்கும் இசையும் பாதி வேலையைச் செய்துவிடும். ஸ்டாலுக்கு வருகிறவர்களுக்கு அந்த உதவி கிடையாது. கவசத்தோடு குனிந்து புத்தகத்தைப் புரட்ட வேண்டும், கையுறையைக் கழற்றிப் பணம் எடுக்க வேண்டும், பக்கத்தில் நிற்கும் குழந்தை மேல் இறக்கை இடிக்காமல் திரும்ப வேண்டும். எவ்வளவு யோசித்துச் செய்த வேடம் என்பது அப்போதுதான் தெரியும்.

சென்னையிலும் கொழும்பிலும் அப்படி மேசை போட்டு காமிக்ஸ் விற்றவன் நான். வேடம் போடுகிறவர்களின் திறமையில் இரண்டு ஊருக்கும் வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சந்தையின் அளவும், கையில் கிடைக்கும் பொருளும்தான் இரண்டு விழாக்களையும் வேறு வேறாக ஆக்கியிருக்கின்றன.

இந்தியாவில் காமிக் கான் 2011 பிப்ரவரியில் டெல்லியின் தில்லி ஹாட்டில் தொடங்கியது. தில்லி ஹாட் கைவினைப் பொருள்களுக்கான சந்தை. ஜதின் வர்மா ஆரம்பித்த அந்த விழா மும்பை, பெங்களூரு, ஹைதராபாத் என்று பரவி, சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்துக்கு வந்து சேர்ந்தது 2024 பிப்ரவரியில்தான். 1972இலேயே சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் புறப்பட்ட மாநிலத்துக்கு இத்தனை தாமதம் என்பது எனக்கு இன்னும் ஆறாத வருத்தம். அதே 2024இன் தொடக்கத்தில் காமிக் கான் இந்தியாவை நாட்வின் கேமிங் நிறுவனம் வாங்கியது. அந்த மாற்றம் அரங்குக்குள் நுழைந்ததுமே தெரிகிறது. பெரிய திரைகள், விளையாட்டுக் கணினிகள், படமெடுத்துக்கொள்ள நிறுவனங்கள் அமைத்த அரங்குகள் எல்லாம் முன்னால் இருக்க, தன் கையால் வரைந்ததை விற்கும் ஓவியரின் மேசை உள்ளே தள்ளி இருக்கிறது. ஆனால் கூட்டம் அங்கேயும் வருகிறது. அதை மறுக்க முடியாது. ஸ்டால் வாடகை, பயணம், தங்கும் செலவு எல்லாவற்றையும் மீட்க அந்தக் கூட்டம்தான் நம்பிக்கை.

இலங்கையில் 2015இல் லங்கா காமிக் கானைத் தொடங்கியது கீக் கிளப் ஆஃப் ஸ்ரீ லங்கா என்ற ரசிகர் குழு. முதலில் ரசிகர்கள் கூடினார்கள், விழா அதிலிருந்து வந்தது. கொழும்பில் பத்து மேசை தாண்டி நடந்தால் அங்கே நிற்பவர்களில் பாதிப்பேர் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். வேடம் போட்டு வந்தவரே அடுத்த மேசையில் ஸ்டிக்கர் விற்கிறார். அவருடைய தோள் கவசம் பிய்ந்தால் எதிர் மேசைக்காரர் சூப்பர் குளூவை நீட்டுகிறார். சென்னையிலும் சேஃப்டி பின்னும் பசையும் என் மேசையில் எப்போதும் இருக்கும், கேட்பவர்களுக்குக் கொடுப்பேன். ஆனால் கேட்டவர் பசை உலரும்வரை நின்று பேச அங்கே இடமில்லை, பின்னால் வரிசை நெருக்கும். கொழும்பில் நின்று பேசலாம். ஒரு வேடத்தை எப்படிச் செய்தார்கள் என்று நான் முழுதாகக் கேட்டறிந்ததெல்லாம் அங்கேதான்.

விற்பனையைப் பொறுத்தவரை நிலைமை தலைகீழ். சிவகாசி இருக்கும் நாட்டில் ஆயிரம் பிரதி அடிப்பது பெரிய துணிச்சல் இல்லை. இலங்கையில் தாள் கடல் தாண்டி வர வேண்டும். 2022 மார்ச்சில் தாள் இல்லாமல் மேல் மாகாணப் பள்ளிகளில் பரீட்சைகளைத் தள்ளிவைத்தார்கள், தி ஐலண்ட், திவயின நாளிதழ்களின் சனிக்கிழமை அச்சுப்பதிப்பு நின்றது. அந்தக் காலத்தைக் கடந்து வந்த ஓவியர்கள் குறைந்த பிரதிகளை டிஜிட்டலில் அடித்து, ஸ்டிக்கரும் சாவிக்கொத்தும் பக்கத்தில் வைத்துச் சமாளிக்கிறார்கள்.

இறக்குமதித் தட்டுப்பாடு அங்கே புதிதல்ல. 1970களில் தென்னிந்திய இதழ்கள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர்த் தமிழ் இதழ்கள் தழைத்தன. சிங்களத்தில் 1951இலேயே லங்காதீப நாளிதழில் ஜி. எஸ். பெர்னாண்டோவின் 'நீலா' படக்கதை வந்துவிட்டது; எழுபதுகளில் 'சதுட' போன்ற சித்திரக்கதை வார இதழ்களுக்குப் பெரிய வாசகர் கூட்டமே இருந்தது. கமிலஸ் பெரேராவின் கேலிச்சித்திர நாயகன் கஜமன் 2023இல் முப்பரிமாண அனிமேஷன் படமாகவும் வந்தான். கையிலிருப்பதை வைத்துச் செய்துகொள்ளும் பழக்கம் அந்த மண்ணில் பழையது. வேடங்களிலும் அதைப் பார்க்கிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து ரயிலில் வந்த ஒரு கல்லூரி மாணவி 'அட்டாக் ஆன் டைட்டன்' வீராங்கனையாக என் மேசைக்கு வந்தார். இடுப்பின் இருபுறமும் கத்தி செருகும் நீளப் பெட்டிகள். தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன்.

"பாருங்கோ அண்ணா. உள்ளுக்கு முழுக்கப் பால்மாப் பெட்டிதான். மேலால சப்பாத்துக்கு அடிக்கிற ரப்பர் ஷீட் ஒட்டினது."

"மேலங்கி?"

"அது திரைச்சீலைத் துணி. அம்மாதான் தைச்சுத் தந்தவ."

அட்டைப் பெட்டியின் மூலைகளை அவர் அப்படியே விடவில்லை. சூடுகாட்டி வளைத்த ரப்பரை மூலைமேல் சுற்றி, இணைப்பு தெரியாதபடி உள்பக்கம் மடித்திருந்தார். கறுப்புக்கு மேல் வெள்ளியை முழுதாகப் பூசாமல், ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளில் மட்டும் தேய்த்திருந்தார். கத்தி உறையிலிருந்து வெளியே வரும் வாயில் மட்டும் சாயம் அதிகம் தேய்ந்திருந்தது. நிஜக் கத்தி ஆயிரம் முறை உரசினால் எங்கே தேயுமோ, அங்கே. வேடத்தில் கற்பனை எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தேய்மானத்தைத்தான் சொல்வேன்.

இந்தியாவில் பொருளுக்குப் பஞ்சமில்லை. ஈவிஏ ஃபோம் ஷீட் வேண்டிய தடிமனில் கிடைக்கும், முப்பரிமாண அச்சில் தலைக்கவசத்தை எடுத்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள், முழு உடையையும் ஆர்டர் செய்து வாங்கிவிடலாம். போட்டியும் பெரிது. இந்தியன் சாம்பியன்ஷிப் ஆஃப் காஸ்ப்ளேயில் வென்றவர்கள் சிகாகோவின் சி2இ2 விழாவில் நாட்டின் சார்பில் மேடையேறியிருக்கிறார்கள். இதனால் உச்சத்தில் இருக்கும் வேடங்கள் உண்மையிலேயே உலகத் தரம். விளக்கு எரியும், இறக்கை விரியும். ஆனால் கீழ்மட்டத்தில் ஒரே மாதிரியான ஸ்பைடர்மேன்கள் பெருகிவிட்டார்கள். அதனால் சென்னையில் தேடிப் பார்க்கும் கண் இன்னும் அதிகம் தேவைப்படுகிறது.

நான் முதலில் பார்ப்பது முகத்தை அல்ல, காலணியை. வாங்கிய உடைக்குப் பழைய ஷூ, செய்த உடைக்குச் செய்த காலணி. அடுத்து முதுகு. படத்தில் விழாது என்று முதுகை விட்டுவிடுகிறவர்கள் உண்டு. அங்கேயும் உழைத்தவரைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றும்.

நந்தம்பாக்கத்தில் ஒருவர் காலிலிருந்து தலைவரை கறுப்பு. முகத்துக்கும் மெல்லிய கறுப்புத் துணி. வலது கை மட்டும் பளபளக்கும் எஃகு; விரல் மூட்டுகளில் மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இறங்கின. இளைஞர்கள் நிஞ்ஜா என்று நினைத்துக் கடந்துபோனார்கள். என் மேசையில் நின்றிருந்த ஐம்பது வயதுக்காரர் "மாயாவி!" என்று கத்தியேவிட்டார். முத்து காமிக்ஸின் முதல் இதழே இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்ததும் அவர் உடல் மறைந்து கை மட்டும் தெரியும். கண்ணுக்குத் தெரியாத ஒருவரை வேடமாகப் போடுவது எப்படி என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடையை நான் கண்டதில்லை. கதையைப் படித்தவர் மட்டுமே யோசிக்கக்கூடிய வேடம் அது. அவருக்கு என் மேசையில் இருந்த புத்தகங்களில் எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

இரு நாட்டுக்கும் பொதுவான ஒரு பாத்திரம் இருக்கிறது: இராவணன். வட இந்தியாவில் தசராவில் எரிக்கப்படுகிறவன். தமிழ்நாட்டிலோ புலவர் குழந்தையின் 'இராவண காவியம்' 1946இல் வந்து, 1948இல் தடைசெய்யப்பட்டு, 1971இல் விடுபட்ட வரலாறு அவனுக்கு உண்டு. ஹோலி கௌ நிறுவனம் 2011 முதல் வெளியிட்ட 'ராவணாயன்' காமிக்ஸ் அவனையே நாயகனாக வைத்தது. இலங்கையில் சிங்களவர் பலருக்கு அவன் தண்டு மொனரா என்ற பறக்கும் மயிலில் சென்ற பேரரசன். 2019இல் விண்ணுக்குச் சென்ற அந்நாட்டின் முதல் செயற்கைக்கோளுக்கும் அவன் பெயர்தான். ஆகவே இந்தியாவில் இராவண வேடம் போடுகிறவர் எந்த இராவணன் என்று முடிவெடுத்தாக வேண்டும். கொழும்பில் அந்தத் தயக்கம் குறைவு.

முடிவெடுத்த பிறகு வருவது தச்சுவேலை. பத்துத் தலையின் பாரமும் கழுத்தில் இறங்கினால் அரை மணி நேரம் தாங்காது. பக்கத் தலைகளைத் தோளிலிருந்து எழும் சட்டத்தில் மாட்ட வேண்டும், வாசலில் நுழைய அவை மடங்க வேண்டும். இதற்கு இரண்டு நாட்டிலும் மரபான விடை ஒன்றே: எடை குறைந்த மரம். நம் கட்டைக்கூத்தில் கிரீடமும் புஜகட்டையும் கல்யாண முருங்கையில் செதுக்குகிறார்கள். அம்பலாங்கொடையில் முகமூடி செதுக்குகிறவர்கள் கதுரு மரத்தை எடுக்கிறார்கள். ஃபோம் ஷீட்டோடு மல்லாடும் பிள்ளைகளில் எத்தனை பேர் இந்தக் கலைஞர்களின் பட்டறைப் பக்கம் போயிருப்பார்கள்? போனால் பாரத்தை எங்கே இறக்குவது, தாடையை எப்படிக் கட்டுவது என்பதற்கெல்லாம் பலமுறை சோதித்த விடைகள் கிடைக்கும். விழா நடத்துகிறவர்கள் அந்தக் கலைஞர்களை நடுவர்களாக அழைத்து உட்கார வைக்கலாம். இரண்டு ஊரிலும் நான் கேட்டுக்கொண்டே இருப்பது இதைத்தான்.

இன்னொன்றும் கேட்கிறேன். கொழும்பில் தமிழ்ச் சித்திரக்கதைக்கென்று ஒரு முழு மேசை நான் பார்க்கவில்லை. 1963இல் சிரித்திரன் என்ற நகைச்சுவை இதழைத் தொடங்கிய சுந்தரின் கேலிச்சித்திரப் பாத்திரமான சவாரித் தம்பரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வேடத்துக்கு ஃபோமும் வேண்டாம், அச்சு இயந்திரமும் வேண்டாம். நந்தம்பாக்கத்திலோ கஜமன் யாரென்று சொல்ல ஒரு ஸ்டால்கூட இல்லை. நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 அக்டோபரில் கப்பல் மறுபடி ஓடத் தொடங்கியது. ஒரு பெட்டி சிவகாசிப் புத்தகமும் ஒரு பெட்டி சிங்களச் சித்திரக்கதையும் எதிரெதிர்த் திசையில் அதில் போகலாம். அடுத்த முறை கொழும்பில் மேசை கிடைத்தால், முதல் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போகிறேன்.