கட்டளை போய்ச் சேரும் தூரம்

மேசைமேல் நிற்கும் ஈயப் படைவீரனுக்குப் பயமில்லை, பசியில்லை, வீட்டு நினைப்பில்லை. எங்கே வைத்தாலும் நிற்பான், எங்கே நகர்த்தினாலும் போவான். உண்மையான களத்தில் எந்தத் தளபதிக்கும் இப்படி ஒரு படை வாய்த்ததில்லை. பழைய போர்களைச் சிற்றுருவப் பொம்மைகளால் மேசைமேல் விரித்து, நண்பர்கள் எதிரெதிரே நின்று ஆடும் விளையாட்டுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. சொன்னதைக் கேட்கும் இந்தப் பொம்மையைச் சொன்னதைக் கேட்காமல் இருக்கச் செய்வது எப்படி என்ற ஒரே கேள்வியின் வரலாறாகவே அதை நான் வாசிக்கிறேன்.

சதுரங்கத்தில் இந்தக் கேள்வி எழுவதில்லை. குதிரையை நகர்த்தினால் குதிரை நகரும். இந்தியாவில் பிறந்து பாரசீகம் வழியாக மேற்கே போன அந்த ஆட்டத்தை 1780இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டங்களாக விரித்தார். மலைக்கும் ஆற்றுக்கும் சதுப்புக்கும் தனித்தனி நிறம் தீட்டி, காலாட்படையையும் பீரங்கியையும் இறக்கினார். களம் பெரிதானது. கட்டளை மட்டும் சதுரங்கக் கட்டளையாகவே இருந்தது: சொன்ன கணத்தில், சொன்னபடி.

அதை உடைத்தவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் தந்தையும் மகனும். தந்தை 1812இல் மன்னர் மூன்றாம் ஃபிரெடரிக் வில்லியமுக்கு ஒரு மேசை செய்து கொடுத்தார். நிலத்தோற்றம் வார்த்த சதுரத் துண்டுகளை வேண்டியபடி அடுக்கி அதில் களம் அமைக்கலாம். பீரங்கிப் படை அதிகாரியான மகன் மேசையை விட்டு வரைபடத்துக்குப் போனார். 1824இல் அச்சான அவருடைய விதிகளில் வரைபடம் 1:8000 அளவு, ஒரு சுற்று இரண்டு நிமிடம், படைகள் சிவப்பும் நீலமுமான சிறு கட்டைகள். ஆடுபவர் அந்தக் கட்டைகளைத் தொடுவதில்லை. கட்டளையைத் தாளில் எழுதி நடுவரிடம் கொடுப்பதோடு சரி. தூதன் குதிரையில் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்கிட்டு, அத்தனை சுற்றுகள் கழிந்த பிறகே நடுவர் அதை நிறைவேற்றுவார். கண்ணுக்கு எட்டாத எதிரியின் கட்டை வரைபடத்தில் ஏறுவதே இல்லை. சுட்டதில் எத்தனை பேர் விழுந்தார்கள் என்பதைப் பகடை சொல்லும். படைத்தலைமையகத்தின் தலைவர் ம்யூஃப்லிங் இதைப் பார்த்துவிட்டுப் படை முழுவதற்கும் பரிந்துரைத்தார். மூன்றே ஆண்டில் மகன் ரைஸ்விட்ஸ் தற்கொலை செய்துகொண்டார். தாமதம், மறைவு, தற்செயல் என்று அவர் விளையாட்டுக்குள் கொண்டுவந்த மூன்றையும் தாண்டி அடிப்படையான நான்காவது ஒன்றை இன்றுவரை யாரும் சேர்த்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

நடுவர் நேர்மையானவராக இருக்கும்வரைதான் இந்த ஏற்பாடு செல்லும். 1942 மே மாதம், மிட்வே தாக்குதலுக்கு முன்பு ஜப்பானியக் கடற்படை நடத்திய மேசை ஒத்திகையில், பகடையின்படி இரண்டு விமானந்தாங்கிகள் மூழ்கின. ஒன்பது குண்டுகள் விழுந்ததை மூன்று என்று குறைக்கச் சொன்ன அட்மிரல் உகாகி, மூழ்கிய ககா கப்பலையும் அடுத்த கட்டத்தில் மீண்டும் மிதக்கவிட்டார் என்று அந்தக் கடற்படையின் விமானி ஃபுச்சிடா மிட்சுவோ எழுதினார். ஃபுச்சிடா சொன்ன எல்லாவற்றையும் வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. ஆனால் ஜூன் மாதம் உண்மைக் கடலில் நான்கு விமானந்தாங்கிகள் போனதில் ஐயமில்லை.

அதே ஆண்டு லிவர்பூலில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டெர்பி ஹவுஸ் என்ற கட்டடத்தில் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தரையையே அட்லாண்டிக் ஆக்கினார். கடற்படையின் பெண்கள் பிரிவைச் சேர்ந்த இளம்பெண்கள் சாக்பீஸால் கப்பல்களின் பாதையைத் தரையில் வரைந்தார்கள். ஆடவந்த அதிகாரி திரையில் வெட்டிய இடைவெளி வழியாகத்தான் பார்க்கலாம். நீர்மூழ்கியின் பாதையோ அங்கிருந்து பார்த்தால் தெரியாத நிறத்தில் இருக்கும். கடலில் ஒரு தளபதிக்கு என்ன தெரியுமோ அவ்வளவுதான் அங்கேயும் தெரிந்தது. அந்தத் தரையில் உருவான உத்திகள் நீர்மூழ்கிகளை வேட்டையாடப் போன கப்பல்களுக்குப் பாடமாயின.

இவையெல்லாம் படைத்துறையின் வேலை. நண்பர்கள் ஆடும் மரபு வேறு வாசல் வழியாக வந்தது. நுரையீரல் நோய்க்காகத் தாவோஸில் தங்கியிருந்த ராபர்ட் லூயி ஸ்டீவன்சன், மனைவியின் மகன் லாயிட் ஆஸ்போர்னோடு மேல்மாடத் தரையில் நாடுகளை வரைந்து ஈயப் படைகளை மோதவிட்டார். 1913இல் எச். ஜி. வெல்ஸ் ‘லிட்டில் வார்ஸ்’ எழுதினார். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிரிட்டன்ஸ் நிறுவனம் உள்ளே கூடான ஈயப் பொம்மைகளை வார்க்கும் முறையைக் கண்டுபிடித்திருந்ததால் பொம்மைப் படை நடுத்தர வீடுகளுக்குள் வந்துவிட்டிருந்தது. மரக்குச்சியைச் சுடும் ஸ்பிரிங் பீரங்கியால் ஒரு நண்பர் பொம்மைகளைக் குறிபார்த்து வீழ்த்தியதிலிருந்து அந்த ஆட்டம் பிறந்தது. அந்த நண்பர் எழுத்தாளர் ஜெரோம் கே. ஜெரோம் என்று பொதுவாகச் சொல்வார்கள். வெல்ஸின் ஆட்டத்தில் பகடை கிடையாது. காலாள் ஒரு சுற்றில் ஓரடி, குதிரை ஈரடி. கைகலப்பில் எண்ணிக்கையே தீர்ப்பு. கைத்திறமையும் கடிகாரமும் தவிர வேறு தடையில்லை. பிரஷ்ய அதிகாரி கண்டதில் பாதியை வெல்ஸ் விட்டுவிட்டார். ஆனாலும் அவர் நூலின் கடைசிப் பக்கங்களை நான் பெரிதாக மதிக்கிறேன். மேசைமேலேயே இத்தனை குளறுபடி என்றால் உண்மைப் போர் எத்தனை பெரிய மடமை என்று மனமறிந்து வாதிட்ட மனிதர் அவர். அடுத்த ஆண்டு கோடையில் ஐரோப்பா தீப்பற்றியது.

இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்துவிட்டு, சவுத்தாம்ப்டன் கால்பந்துக் குழுவின் உடலியக்க மருத்துவராக வேலை பார்த்த டொனால்ட் ஃபெதர்ஸ்டோன்தான் இதைப் பரந்த பொழுதுபோக்காக்கியவர். அவருடைய ‘வார் கேம்ஸ்’ 1962இல் வந்தது. கலிஃபோர்னியாவில் ஜாக் ஸ்கிரபி பொம்மை வார்த்து இதழும் நடத்தினார். கமாண்டோ அதிகாரியாயிருந்து சாண்ட்ஹர்ஸ்டில் போர் வரலாறு கற்பித்த பீட்டர் யங், லாஃபோர்டுடன் சேர்ந்து 1967இல் ‘சார்ஜ்!’ எழுதினார். உண்மைப் போரைக் கண்டவர்களே இந்த ஆட்டத்தை வளர்த்தார்கள் என்பதை அதன் மேல் ஐயப்படுபவர்கள் கவனிக்க வேண்டும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1959 முதல் விற்ற சிறிய பிளாஸ்டிக் வீரர்கள், பள்ளிப் பையனின் கைச்செலவுக்குள் ஒரு படைப்பிரிவையே அடக்கிவிட்டார்கள்.

இனி மேசைக்கு வருவோம். இன்று பெரிதும் புழங்குவது 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மை. மனிதனை ஏறக்குறைய அறுபதில் ஒன்றாகச் சுருக்கியது அது. அந்தக் கணக்கில் நூறு கெஜம் சுடும் மஸ்கெட் துப்பாக்கி மேசையில் ஒன்றரை மீட்டர் சுட வேண்டும். அப்படிச் சுட்டால் மேசை முழுவதும் துப்பாக்கி எல்லைக்குள் வந்துவிடும். ஆகவே விதிநூல்கள் அதைப் பதினெட்டு அங்குலம், பன்னிரண்டு அங்குலம் என்று வெட்டுகின்றன. ஒரு பொம்மை இருபது பேருக்கு நிகர், முப்பத்து மூன்று பேருக்கு நிகர் என்று நூலுக்கு நூல் கணக்கு வேறு. இரண்டு வீடு வைத்தால் அது ஓர் ஊர். உயரத்துக்கு ஓர் அளவு, தரைக்கு ஓர் அளவு, காலத்துக்கு ஓர் அளவு, மூன்றும் ஒத்துவராது. எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் விதி எழுதுபவரின் வரலாற்றுப் பார்வை தெரியும்.

ஆட்டமாக இல்லாமல் வெறும் மாதிரியாக நிற்கும் மேசையும் இதற்கு விலக்கல்ல. வாட்டர்லூ களத்தில் லா ஹே சேன்ட் பண்ணை வீட்டில் மாதக்கணக்கில் தங்கி நிலத்தை அளந்த வில்லியம் சைபோர்ன், போரில் இருந்த அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதித் தகவல் திரட்டி, 70,000க்கும் மேற்பட்ட தகரப் பொம்மைகளோடு ஒரு பெருமாதிரியை 1838இல் காட்சிக்கு வைத்தார். வெலிங்டன் தரப்புக்கு அது பிடிக்கவில்லை. பிரஷ்யப் படை எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் வந்திருந்தது என்று பொம்மைகள் காட்டிய இடம்தான் சிக்கல். வெற்றி யாருடையது என்ற வழக்கைச் சில அங்குலங்கள் முடிவு செய்தன. அந்த மாதிரி இன்று லண்டனில் தேசியப் படை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

1969இல் ஃபில் பார்க்கரும் நண்பர்களும் தொடங்கிய வார்கேம்ஸ் ரிசர்ச் குரூப் பழங்காலப் போர்களுக்கு விதிகளையும் படைப் பட்டியல்களையும் தந்தது. எடை, கவசம், ஆயுதம் என்று கூட்டிக் கழிக்கும் அந்த நூல்களைப் படிப்பதே ஒரு பயிற்சி. பார்க்கரே அந்தச் சிடுக்கை 1990இல் அறுத்தார். டி.பி.ஏ. என்ற சிறிய நூலில் ஒரு தரப்புக்குப் பன்னிரண்டே படைக்கூறுகள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை. மூன்று விழுந்தால் மூன்று நகர்வு. சேர்ந்து நிற்கும் வரிசை ஒரே கட்டளையில் நகரும்; சிதறிப் போனால் ஆளுக்கொரு கட்டளை வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்த ஆட்டத்தில், ஒழுங்கு குலைந்த படை ஏன் தோற்கிறது என்பது விளக்கமில்லாமலே விளங்கிவிடும். இந்தத் துறையின் மிகச் சிறந்த ஒற்றை விதி இதுதான் என்பது என் முடிவு.

பிறகு வந்தவர்கள் இதே திசையில் நடந்தார்கள். ரிச்சர்ட் கிளார்க்கும் நண்பர்களும் நடத்தும் டூ ஃபேட் லார்டீஸ் விதிகள் பலவற்றில் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு சீட்டு உண்டு. சீட்டுக்கட்டைக் கலைத்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். இடைவேளைச் சீட்டு முன்பே வந்துவிட்டால் மீதிப் பேர் அந்தச் சுற்றில் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். ரிக் பிரீஸ்ட்லி பங்கேற்று எழுதிய ‘பிளாக் பவுடர்’ 2009இல் வந்தது. அதில் தளபதிக்கு ஓர் எண், பெரும்பாலும் 8. இரண்டு பகடையின் கூட்டுத்தொகை அந்த எண்ணைத் தாண்டாவிட்டால் படை நகரும். எவ்வளவு குறைகிறதோ அதற்கேற்ப ஒன்று, இரண்டு, மூன்று நகர்வு. எண் 8 என்றால் பகடை விழக்கூடிய 36 வகைகளில் 26 சாதகம். இதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. உருட்டுவதற்கு முன்பே கட்டளையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். “இந்தப் படை அந்தத் தோப்பைச் சுற்றிப் போய் வலது பக்கத்தைத் தாக்கும்” என்று எதிரே நிற்கும் நண்பர் காதுபடச் சொல்லியாயிற்று. பிறகு பகடை பாதி வழிக்குத்தான் அனுமதித்தால் படை தோப்புக்குள் நிற்கும். பேச்சை மாற்ற முடியாது.

நடுவர் இல்லாத மேசையில் நடுவர் வேலையை நட்புதான் செய்கிறது. அளவுநாடாவின் முனை கால் அங்குலம் எட்டவில்லை என்றால் எட்டவில்லை என்று ஆடுபவரே சொல்ல வேண்டும். மறுபக்கம் பார்க்காத நேரத்தில் சாய்ந்த பகடையை மீண்டும் உருட்ட வேண்டும். ஒரு படைப்பிரிவுக்கு மாதக்கணக்கில் சட்டைப் பொத்தான்வரை வண்ணம் தீட்டி, முதல் சுற்றிலேயே அது சிதறி ஓடுவதைப் பார்த்து எதிரியின் நகர்வைப் பாராட்டவும் வேண்டும். உகாகியின் மேசையில் பதவி பகடையைத் திருத்தியது. இங்கே பதவி கிடையாது. இந்தக் காரணத்தாலேயே வார இறுதியில் இரண்டு நண்பர்கள் ஆடும் ஆட்டம் சில நேரம் படைத்தலைமையகத்தின் ஒத்திகையைவிட உண்மைக்கு அருகில் போகிறது என்று நம்புகிறேன்.

பொம்மை வடிப்பவர்களுக்கும் இந்தப் பெருமையில் பங்குண்டு. இரட்டையரான பெரி சகோதரர்களில் மைக்கேல் 1996இல் பிரான்சில் ஒரு போர் மறுநிகழ்வில் பீரங்கி விபத்தில் வலக்கையை இழந்தார். இடக்கையால் வடிக்கப் பழகித் தொழிலைத் தொடர்ந்தார். இந்த மரத்திலிருந்து கிளைத்த கற்பனை ஆட்டங்கள் இன்று தாய்மரத்தைவிடப் பெரியவை. 1974இல் வந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ அவற்றில் புகழ்பெற்றது. அது தனிக்கதை.

எல்லாருடைய போருக்கும் மேசையில் ஒரே மதிப்பு இல்லை. நெப்போலியன் படையின் ஒவ்வொரு ரெஜிமெண்டுக்கும் சட்டைக் கழுத்தின் நிறம் தெரியும். பார்க்கர் குழுவின் பட்டியல்களில் தமிழருக்கும் சிங்களவருக்கும் சேர்த்து ஒரே பட்டியல். பல நூற்றாண்டுகள் அதற்குள் அடங்கிவிடுகின்றன. சோழனும் பாண்டியனும் அநுராதபுர அரசனும் ஒரே யானை, ஒரே வில்லாளி. இதைச் சதி என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் எட்டிய நூல்களை வைத்து அவர்கள் செய்தது அது. நம் கல்வெட்டுகளைப் படித்தவர்கள் இந்த மேசைப் பக்கம் வந்தால் பட்டியல் பிரியும்.

வந்தவாசியில் தொடங்கலாம். 1760 ஜனவரி 22 அன்று ஆங்கிலேயத் தளபதி கூட்டும் பிரெஞ்சுத் தளபதி லாலியும் அங்கே மோதினார்கள். ஐரோப்பியர் மட்டும் கூட் பக்கம் ஏறக்குறைய 1,900 பேர், லாலி பக்கம் 2,250. இரு பக்கமும் சிப்பாய்கள் வேறு. ஒரு மேசைக்கு அளவான போர். லாலி தம் ஐரோப்பியக் குதிரைப்படையைப் பாயச் சொன்னார். அது நகர மறுத்தது. அதன் தளபதியை விலக்கிய பிறகே கிளம்பியது. ஆங்கிலேயப் பீரங்கிகள் அதைத் திருப்பி அனுப்பின. பிறகு பிரெஞ்சு இடப்பக்க அரணில் ஒரு வெடிமருந்து வண்டி வெடித்துச் சிதற, அங்கே நின்றவர்கள் கலைந்தார்கள். பிரெஞ்சுத் தளபதிகளில் ஒருவரான பூஸி சிறைப்பட்டார். வெல்ஸின் விதிகளால் இந்தப் போரை ஆடவே முடியாது. குதிரைகள் ஏன் நகரவில்லை என்பதற்கு விதி ஒரு பதில் சொல்லியாக வேண்டும். மூன்று மாதம் முன்புதான் பிரெஞ்சுப் படையினர் சம்பள பாக்கிக்காகக் கலகம் செய்திருந்தார்கள். லாலிக்கும் அவருடைய அதிகாரிகளுக்கும் ஒத்துப்போகவில்லை என்பதும் ஊரறிந்தது. முதல் காரணத்தை நம்பினால் படையின் மனவுறுதியைக் குறைக்க வேண்டும், இரண்டாவதை நம்பினால் தளபதியின் எண்ணை.

நான் லாலிக்கு 7 கொடுப்பேன். குதிரைப்படைக்கு மட்டும், அவர் பொம்மை நேரில் போய் நிற்கும்வரை, 6. அதாவது 36இல் 15. வண்டி வெடிப்பதற்கு இடப்பக்க அரணில் பீரங்கிக் குண்டு விழும்போது இரட்டை ஆறு. உதவிக்கு வந்தும் போரில் இறங்காத மொராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையை மேசை ஓரத்தில் நிறுத்தி, சுற்றுக்கு ஒரு பகடை உருட்டலாம். ஆறு விழுந்தால் உள்ளே வருவார்கள். கடைசிவரை விழாவிட்டால், அன்று நடந்ததும் அதுதான்.