முதுமையும் பாடும்: பழவேற்காட்டினின்று ஒரு நோக்கு

முதுமைக்கண் உள்ளம் நலிவுறாது நிற்கும் வழியை ஆராயாத சமயம் இல்லை. கிறித்தவ நெறி நிற்கும் மீனவ முதியோர்க்கு அவ்வழியை நம் கிறித்தவத் தமிழ்க் காப்பியம் எவ்வளவு காட்டியுள்ளது என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள். இவ்வாராய்ச்சிக்குப் பழவேற்காட்டு ஏரிக்கரையை நிலைக்களனாகக் கொள்கின்றோம். அவ்விடத்தைத் தேர்ந்தமைக்கு இரண்டு காரணங்கள் உள. ஒன்று அங்கு வழங்கும் ஒரு சொல். மற்றொன்று அங்கு உருவான ஒரு நூல்.

சொல்லை முதற்கண் நோக்குவோம். இந்திய உவர்நீர் ஏரிகளுள் சிலிக்காவிற்கு அடுத்துப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் கரையூர் மீனவர் மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டினைப் ‘பாடு’ என்பர். சீட்டு விழுந்தபடி அவரவர்க்கு இடமும் நாளும் அமையும். கடற்கரை வழக்கில் கிடைத்த மீனும் ‘மீன்பாடு’ எனப்படும். கிறித்தவத் தமிழிலோ இயேசுபிரான் உற்ற துன்பமே ‘பாடுகள்’. ‘படு’ என்னும் வினையடி முதனிலை திரிந்து ‘பாடு’ ஆயிற்று. தானே விரும்பிச் செய்வதை விடத் தன்மேல் வந்து அமைவதை உணர்த்துவது அதன் அடிப்பொருள். இலக்கணத்தார் ‘செயப்பாட்டு வினை’ என்றதும் இதுபற்றியே. முதுமை என்பது மாந்தன் செய்வினையினின்று செயப்பாட்டு வினைக்கு மாறும் பருவம் எனலாம்.

இம்மாற்றத்தைத் தமிழ்ச் சான்றோர் முன்னரே உணர்ந்திருந்தனர். புறநானூற்று 243-ஆம் பாட்டில், ஊன்றுகோல் பற்றிய முதியவர் ஒருவர் தம் இளமையை நினைக்கின்றார். ஆழ்ந்த நீர்நிலையிற் குதித்து அடிமணலை அள்ளிவந்து காட்டிய நாள் அவர் நினைவில் எழுகின்றது. இன்றோ இருமலிடையே சில சொற்களே வருகின்றன. பாடியவர் பெயர் தெரிந்திலது. பாட்டில் வரும் கோலே ‘தொடித்தலை விழுத்தண்டினார்’ என அவர்க்குப் பெயராயிற்று. நீரில் மூழ்கியவன் கரையில் நிற்கும் இரக்கம் ஏரிக்கரை முதியவர் எவர்க்கும் நன்கு விளங்கும். எனினும் அப்பாட்டு இரங்குவதோடு அமைகின்றது. மேல்வழி காட்டுவது அதன் நோக்கம் அன்று.

இனி நூலை நோக்குவோம். டச்சுக்காரர் 1613-இல் கெல்டிரியாக் கோட்டையை எழுப்பிய பழவேற்காட்டில், 1630-களில் சமயக் குரவராய் அமர்ந்தவர் ஆபிரகாம் ரொசேரியசு. பத்மநாபன் என்னும் அந்தணர் துணையால் பர்த்ருஹரியின் நீதி, வைராக்கியம் ஆகிய இரு சதகங்களின் பொருளை அவர் டச்சு மொழியில் ஆக்கினார். அவர் மறைந்தபின் 1651-இல் அவர் நூல் வெளிவந்தது. உடல் தளர்ந்தும் வேட்கை தளராமையை இடித்துரைத்துத் துறவை நோக்கிச் செலுத்துவது வைராக்கிய சதகம். கிறித்தவ குரு ஒருவர் அதனைப் போற்றிப் பெயர்த்தமை பெரிதும் பாராட்டத்தக்கது. ஆயினும் வேட்கை ஒழித்தல் முதியவர்க்குப் பாதி மருந்தே. கை நடுங்கும் நாளில் அவர் அஞ்சுவது பிறர்க்குச் சுமையாதலை. அவ்வச்சத்தைத் துறவு தீர்ப்பதில்லை.

யோவான் நற்செய்தியின் இறுதி இயல் இவ்வச்சத்தையே தொடுகின்றது. இடம் ஓர் ஏரிக்கரை. கேட்பவர் மீனவராகிய பேதுரு. இளமையில் தன் இடையைத் தானே கட்டி விரும்பிய இடம் சென்றவன், முதுமையில் கைகளை நீட்டுவான். வேறொருவன் இடைகட்டி அவன் விரும்பாத இடத்திற்குக் கொண்டுசெல்வான் என்பது அங்குக் கூறப்படும் பொருள். எழுவாயாய் இருந்தவன் செயப்படுபொருளாகின்றான். பேதுருவின் இறப்பைக் குறித்த கூற்று இது என நற்செய்தியாளரே விளக்கம் தருதலின், முதுமைப் பொருள் கொள்ளல் பொருந்தாது எனச் சிலர் மறுக்கலாம். அவ்விளக்கத்தை யாம் மறுக்கவில்லை. ஆயின், அக்குறிப்பைத் தாங்கும் உவமை முதுமையே. உவமை மெய்யாய் இருந்தாலன்றிக் குறிப்பு நில்லாது. அதனை அடுத்து வரும் கட்டளை ‘பின்பற்றுக’ என்பது. கைநீட்டி நிற்பவனும் பின்பற்ற வல்லன் என்பது இதனாற் பெறப்படும்.

இவ்வளவுகோல் கொண்டு எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தை அளப்போம். 1827-இற் பிறந்த புலவர்க்கு 1894-இல் அக்காப்பியம் வெளிவந்தபோது அகவை 67. முதிர்ந்த பத்திமை அதன் செய்யுள்தோறும் விளங்குகின்றது. எனினும் அதன் முதல் நூல் ஜான் பனியன் 1678-இல் வெளியிட்ட மோட்சப் பயணத்தின் முதற்பகுதி. அதன் தலைவன் சோர்வான், மூப்படையான். மனையும் மக்களும் பின்னிற்க, அவன் தன் காலால் நடந்தே கரை சேர்வான். 1684-இல் வந்த இரண்டாம் பகுதியிலோ ஒரு கூட்டமே நடக்கின்றது. நேர்மையாளர் என்னும் முதியவர் அதில் உளர். ஊன்றுகோல் கொண்டு நடப்பவரும் உளர். வலியோர் மெலியோர் நடைக்கேற்பத் தம் நடையைத் தளர்த்துகின்றனர். முதியவர் சாவாற்றைக் கடக்குங்கால் நல்மனச்சான்று அவர்க்குக் கைகொடுக்கின்றது. ஊன்றுகோலர் தம் கோலைத் தம் மகனுக்கு உரிமையாக்கிச் செல்கின்றார். புறநானூற்றில் இரக்கத்தின் அடையாளமாய் நின்ற கோல் இங்கு வழிவழிச் செல்வமாகின்றது. இப்பகுதியின் பொருள் காப்பியத்துட் புகாமை புலவர்க்குக் குறையன்று. கொண்ட முதல் நூலின் எல்லை அது. ஆயினும் நம் கிறித்தவ இலக்கியத்திற்கு அஃது ஓர் இழப்பே என்பது எம் துணிபு.

இவ்விழப்பு ஏட்டளவில் நிற்பதன்று. தனியே நடப்பதையே ஆன்ம வாழ்வாகக் கற்றவர், நடக்க இயலாத நாளில் தம் சமயமும் முடிந்ததென மயங்குவர். பாடு கழிந்த மீனவர் வலை பழுதுபார்த்தும் பெயரர்க்கு நீரின் குறி சொல்லியும் இருப்பது வாழ்வின் மிச்சம் அன்று. வாழ்வே என அவர்க்கு எடுத்துரைக்கும் இலக்கியம் வேண்டும். எபிரேயர் நிருபம் யாக்கோபின் நம்பிக்கைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டது அவர் இளமை வலியை அன்று. கோல்மேற் சாய்ந்து பெயரரை வாழ்த்தி வழிபட்ட நிலையையே.

இறுதியாக ஒன்று கூறுதல் வேண்டும். செயப்பாட்டு வினைக்கும் வினைமுதல் உண்டு. ‘ஆல்’ உருபேற்று அது நிற்கும். முதியவர் அழைத்துச் செல்லப்படுகின்றார் எனின், யாரால் என்னும் வினா எழும். விடையில்லையேல் அவர் கொண்ட ஒப்படைப்பு கைவிடப்பட்ட நிலையாய் முடியும். மேற்காட்டிய நற்செய்திப் பகுதியில், பேதுருவின் முதுமையைக் கூறுமுன் மந்தையைப் பேணுமாறு மும்முறை கட்டளை இடப்படுகின்றது. பேணுதல் முன்னும் பேணப்படுதல் பின்னும் வைக்கப்பட்ட முறை நோக்கத்தக்கது. ஏரியின் இடத்தை முறைவைத்துப் பகிரத் தெரிந்த ஊரார்க்கு, முதியோரின் கைபற்றுதலும் முறைவைத்து வரும் பாடே என்பது எளிதில் விளங்கும். அதனைப் பாடும் காப்பியத்திற்கே தமிழ் காத்திருக்கின்றது.